என் குரலில் போன வைத்தியம்

1

என் அண்ணன் சுடலைமுத்துவின் இடது காலில் இப்போது நான்கு விரல்கள்தான். சுண்டுவிரலை எடுத்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நேற்று வீடியோவில் பேசும்போது காலைத் தூக்கி போனுக்கு நேராகக் காட்டி, "பாத்துக்கோ, இப்ப செருப்பு லேசா நுழையுது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. அந்த விரல் போனதில் என் பங்கும் இருக்கிறது.

நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், டுனெடின் ஊரில் இருப்பவளுக்கும் விக்கிரமசிங்கபுரத்தில் இருப்பவன் கால்விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். சொல்கிறேன். எதையும் பாதி சொல்லிப் பாதி முழுங்குகிற பழக்கம் எனக்கு இருந்தது. அதை விட்டும் ஒரு வருஷம்தான் ஆகிறது.

2

என் பெயர் பேச்சியம்மாள். அப்பா நூல் மில் தொழிலாளி. அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் அதே மில்லுக்குப் போனான். அவன் ஷிப்டு பார்த்த சம்பளத்தில்தான் நான் தினமும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் மனையியல் படித்தேன். வீட்டில் முதல் பட்டம். சத்துணவுப் பாடத்தில் எப்போதும் முதல் மார்க்கு எனக்குத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, இன்னும் நூறு தடவை சொல்வேன்.

கல்யாணமாகி இங்கே வந்ததும் டயட்டீஷியன் ஆகிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதிவு வேண்டும் என்றார்கள். பதிவுக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தோடு நான் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று கல்லூரி முத்திரை குத்திய கடிதம் வேண்டும். கடிதம் ஊரிலிருந்து வந்தது. அதில் கையெழுத்து போட்டவரின் பதவி எழுதவில்லை என்று திருப்பினார்கள். பதவி எழுதிய கடிதம் வந்தது. உறை பிரிக்கப்பட்டிருக்கிறது, கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும் என்றார்கள். அதுவும் வந்தது. எல்லாம் சரியான பிறகு, உங்கள் படிப்பு எங்கள் படிப்புக்குச் சமம் இல்லை, முதலிலிருந்து படியுங்கள் என்று மரியாதையாக ஒரு பதில் போட்டார்கள். அப்போது என் மகள் வள்ளி கைக்குழந்தை. நான் விண்ணப்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலை தேடினேன்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்தது. இன்றுவரை அதுதான். காலை ஆறு மணிக்குத் தலையில் வலை போட்டுக்கொண்டு நின்றால், நோயாளிகளின் தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். உப்பு குறைவு, மசித்த உணவு, சர்க்கரை நோய் என்று டயட்டீஷியன் எழுதியிருப்பார். சீட்டைப் பார்த்து அளவு கரண்டியால் நான் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் யாருக்கு எதை எவ்வளவு வைப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் சீட்டை எழுதுவது நான் இல்லை. சீட்டில் எழுதியதை வைப்பவள் மட்டுமே நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். நம் கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு பெயரைத் தனியாக விடமாட்டோம். பெயருக்குப் பின்னால் படிப்பு, வேலை, வெளிநாடு என்று வால் தொங்க வேண்டும். வாட்ஸப்பில் வந்த பத்திரிகையில் அத்தைமார் வரிசையில் என் பெயரைத் தேடினேன். 'திருமதி பேச்சியம்மாள், டயட்டீஷியன், நியூசிலாந்து' என்று இருந்தது. அச்சகத்தில் யாரோ, இல்லாவிட்டால் மாப்பிள்ளைப் பையனே, அழகுக்குப் போட்டிருப்பான் என்று நினைத்தேன். இங்கே பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். உடனே போன் போட்டுத் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வரியை விரலால் பெரிதாக்கி நாலைந்து தடவை பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

3

பத்திரிகை போனதும் குடும்பக் குழுவில் என் மவுசு ஏறிவிட்டது. ஆழ்வார்குறிச்சி சித்தி கேட்பாள், அம்பாசமுத்திரத்து மாமா கேட்பார். பேச்சி, ஓட்ஸ் நல்லதா? பேச்சி, முட்டை மஞ்சள் ஆகாதாமே? பேச்சி, இந்த வீடியோவில் தேங்காயெண்ணெயை ஸ்பூனில் குடிக்கச் சொல்லுதான், குடிக்கவா? நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே நான்கு நிமிஷத்துக்கு ஒரு குரல் பதிவு போடுவேன். கேட்கவே கம்பீரமாக இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்னது எதுவும் தப்பில்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ என்று சொன்னேன். சரியான விஷயம்தான். அதை விக்கிரமசிங்கபுரத்தில் செய்வதுதான் முடியாத காரியம்.

அண்ணனுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம். வீட்டில் ஆறு பேருக்கு ஒரே உலை. அவனுக்கு மட்டும் சோற்றைக் குறைத்தால் அவன் பெண்டாட்டி, என் மைனி, ஏதோ கோபத்தில் பட்டினி போடுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பார்வதி மைனி தங்கமானவள், அந்தப் பேச்சு அவளால் தாங்க முடியாது. கோதுமை ரவைக் கஞ்சி வைத்துக் கொடுத்தால், "எனக்கென்ன காய்ச்சலா?" என்று தள்ளிவிடுவான். சரி, நடக்கவாவது செய் என்றேன். காலையில் வாய்க்கால் ரோட்டில் நடந்தானாம். பத்தடி போவதற்குள் பழைய மில்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, நடந்தா போறீய? ஏறுங்க" என்பாராம். வேண்டாம் என்றால் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொள்வார்களாம். "தெனமும் ஒருத்தன் பின்னாடி உக்காந்து போயிட்டு வாரேன்ளா, நல்ல காத்து" என்றான். இப்படிப்பட்ட ஆளை என்னதான் செய்ய?

இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மாள் "டீக்கு வா" என்றாள். இங்கே டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு என்று எனக்கு எங்கே தெரியும்? ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே ஒரு தட்டு உருளைக்கிழங்கையும் ஆட்டுக்கறியையும் வாய் பேசாமல் தின்றுவிட்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதது எங்கள் குடும்ப வியாதி. குளிர்காலத்தில் இங்கே வெள்ளரிக்காய் வாங்குவதென்றால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். கறி அடைத்துச் சுட்ட 'பை' என்கிற பலகாரம் பெட்ரோல் பங்கில்கூட மலிவாகக் கிடைக்கும். வள்ளிக்கு டப்பாவில் பீன்ஸ் பொரியல் வைத்து அனுப்பினால் பீன்ஸ் அப்படியே திரும்பி வரும். "அம்மா, ஸ்மெல் வருது, எல்லாரும் பாக்குறாங்க" என்பாள். ஆஸ்பத்திரியில் நூறு தட்டுக்கு அளந்து வைப்பவளுக்குச் சொந்த வீட்டுத் தட்டு ஒன்று அடங்கவில்லை.

4

ஒருநாள் சித்தி குழுவில், சர்க்கரை மாத்திரையை ஆயுசுக்கும் போட வேண்டுமா என்று கேட்டாள். நான் வழக்கம்போல நீளமாகப் பேசினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர், சர்க்கரை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நன்றாக உடம்பைக் குறைத்தார், டாக்டரே சோதித்துப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றேன். இது எல்லாருக்கும் சரிப்படாது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மூன்றாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து, இங்கே கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தி எனக்கு ஒரு பதிவை அனுப்பி, "இது உங்கட குரல் எல்லோ?" என்று கேட்டாள். மேலே, 'நியூசிலாந்தில் கலக்கும் நெல்லை டயட்டீஷியன் சொல்லும் ரகசியம்' என்று எழுதியிருந்தது. போட்டுக் கேட்டால் என் குரல்: "எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தரு மாத்திரைய நிறுத்திட்டாரு." அதற்கு மேல் என் பேச்சு இல்லை. யாரோ ஓர் ஆம்பளைக் குரல், சிறுகுறிஞ்சானும் நாவல்கொட்டையும் சேர்த்து அரைத்த பொடியைத் தினமும் இரண்டு வேளை கரைத்துக் குடிக்கச் சொன்னது. கடைசியில் பொடி வாங்க ஒரு நம்பர்.

வள்ளிக்குப் பதினைந்து வயது. தமிழ் பாதிதான் புரியும், ஆனால் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, இங்க கட் பண்ணியிருக்காங்க. நீ மூச்சு விடுற சத்தமே இல்ல பாரு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ டயட்டீஷியன் இல்லையே. ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"அது ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"நீ இல்லன்னு சொல்லலையா?"

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குக் கோபம் வந்தது கொஞ்சம்தான். பெருமை அதைவிட அதிகமாக வந்தது. என் குரல் ஊரைச் சுற்றி உலகத்தைச் சுற்றி எனக்கே திரும்பி வருகிறதே என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. அக்காவுக்கு, "முழுசாப் போடாம வெட்டிட்டாங்க அக்கா" என்று ஒரு வரி எழுதினேன். குடும்பக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே சொன்னால் வெட்டியதைப் பற்றி மட்டும் பேச முடியாது, டயட்டீஷியனைப் பற்றியும் பேச வேண்டிவரும். அந்தச் சோம்பேறித்தனத்துக்கும் சின்னப்புத்திக்கும் நான் என்ன பெயர் வைத்தாலும் தகும்.

5

மைனி கூப்பிட்டபோது இங்கே மாலை ஏழு, ஊரில் மதியம் பன்னிரண்டரை. அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"பேச்சி, உங்கண்ணன் கால்ல ஒரு புண்ணு. சுண்டுவிரல்ல. மூணு வாரமா ஆற மாட்டேங்கு. செருப்பு கடிச்சதுன்னு சொல்லுதாவ. நாத்தம் வேற வருது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, தங்கச்சி வைத்தியம் ஓடிட்டிருக்கு, நடுவுல கெடுக்காதங்காவ."

"என்ன வைத்தியம் மைனி?"

"என்ன இப்படிக் கேக்க? நீதான மாத்திரைய நிறுத்தச் சொன்ன. மூணு மாசமா அந்தப் பொடியத்தான கரைச்சுக் குடிக்காவ."

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏண்ணே, நான் எப்ப நிறுத்தச் சொன்னேன்? நான் பேசினத வெட்டிப் போட்டிருக்கானுவ. முழுசையும் குழுவுல போட்டேன்லா, நீ கேக்கலையா?"

"நீ போடுதது நாலு நிமிசம் ஓடுதுளா. யாரு உக்காந்து கேப்பா? இது சுருக்கமா இருந்துச்சு. டீக்கடையில எல்லாவனும் கேட்டானுவ."

"அது பொய்யிண்ணே."

"குரலு உன்னுதுதான?"

"என்னுதுதான்."

"பொறவு என்ன?"

அவனுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? நாவல்கொட்டையோடு எனக்குச் சண்டை இல்லை, மாத்திரையை நிறுத்தியதுதான் ஆபத்து, அது சர்க்கரைப் புண், கால் போய்விடும் என்று கத்தினேன். அவன் நிதானமாக, "பைய பேசு. அங்கன உள்ள கவர்மெண்டு உன்ன மெரட்டியிருக்கும். மருந்துக் கம்பெனிக்காரன் விடுவானா? எனக்குப் புரியுது தாயி, நீ பயப்படாத" என்றான். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தும்விட்டான்.

ஒரு பொய்யை நம்பிவிட்டவனிடம் உண்மையைச் சொன்னால், அந்த உண்மையையும் பொய்க்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். மறுநாள் சமையலறையில் சர்க்கரை நோய்ச் சீட்டு வந்த ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. யார் யாருக்கோ சரியாக அளந்து வைக்கிறேன், என்னைப் படிக்கவைத்தவன் அங்கே புண்ணான காலோடு உட்கார்ந்திருக்கிறான்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பத்திரிகையில் அச்சடித்த அந்தப் பட்டத்தை நம்பித்தான் அண்ணன் கெட்டான். வெளிநாட்டு டயட்டீஷியன் சொன்னாள் என்றுதானே டீக்கடையும் கேட்டது? அதை நானே பிடுங்கிப் போட்டால் அவன் இறங்கி வருவான். மானம் போகும், போகட்டும்.

வள்ளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சின்னதா சொல்லு அம்மா. உன் அண்ணன் லாங்கா கேக்க மாட்டாங்க." நாலு தடவை அழித்து அழித்துப் பேசினேன். கடைசியில் குழுவில் போட்டது இவ்வளவுதான்: "நான் டயட்டீஷியன் இல்ல. எனக்கு இங்க அந்தப் பதிவு கிடைக்கல. ஆஸ்பத்திரி அடுக்களையில தட்டுல சாப்பாடு வைக்குதேன். மாத்திரைய நிறுத்தச் சொன்னது நான் இல்ல, என் பேச்ச வெட்டியிருக்கானுவ. நிறுத்துனவங்க இன்னைக்கே டாக்டரப் பாருங்க." கூடவே தலை வலையும் ஏப்ரனுமாக நிற்கிற என் படம் ஒன்றையும் போட்டேன்.

குழு அப்படியே அடங்கிப் போனது. ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள் என்று நீல நிறத்தில் தெரிகிறது, யாரும் எதுவும் எழுதவில்லை. அம்பாசமுத்திரத்து மாமா மட்டும், "அப்ப எனக்குச் சொன்ன ஓட்ஸ் என்னாச்சு?" என்று கேட்டார். "அது நல்லதுதான் மாமா, சாப்பிடுங்க" என்று எழுதினேன். வேறென்ன எழுத?

6

அரை மணி நேரம் கழித்து அண்ணன் கூப்பிட்டான். எடுக்கவே பயமாக இருந்தது. ஏமாற்றிவிட்டாயே என்று கேட்பான், கேட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எடுத்தேன்.

"என்னளா இது? எதுக்கு இப்படி ஊர் பூராவும் கேக்கப் போட்டிருக்க?"

"உண்மையச் சொன்னேன்ணே. நான் டயட்டீஷியன் இல்ல."

"அது எனக்குத் தெரியாதா?"

அவனே மேலே பேசினான்.

"கல்லூரி ஆபீசுல போயி உனக்கு அந்த லெட்டர வாங்குனது யாரு? ஒவ்வொரு தடவையும் மில்லுல லீவு போட்டுட்டுப் போனேன். அந்த கிளார்க்கு, பொறவு வா பொறவு வான்னு பூட்டுத நேரம் வரைக்கும் நிக்க வச்சான். கடைசியில அவனுவ முடியாதுன்னுட்டானுவன்னு நீ போன்ல அழுதது எனக்கு மறந்து போவுமா?"

நிஜமாகவே நான் அதை யோசித்ததில்லை. கடிதம் வந்தது, கடிதம் வந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் தானாக வராது.

"அப்ப பத்திரிகையில யாருண்ணே போட்டா?"

"நாந்தான் போடச் சொன்னேன். அங்கன உள்ளவன் தரலன்னா என்ன, நான் தாரேன்னு போட்டேன். படிச்சதுதான நீ?"

வள்ளி என்ன என்ன என்று என் கையைப் பிடித்தாள். அண்ணன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"நீ டயட்டீஷியன்னு நம்பியா நான் மாத்திரைய நிறுத்துனேன்? ஏளா, நம்ம ஊருல இல்லாத டாக்டரா? அவிய எத்தன பேரு சொன்னாவ, நான் கேட்டேனா? என் தங்கச்சி எனக்குக் கெடுதல் சொல்ல மாட்டான்னு நிறுத்துனேன். அம்புட்டுதான்."

அடுத்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே, ஆனால் சத்தமாகவே சொன்னேன்.

"அந்தத் தங்கச்சிதாண்ணே இப்பவும் சொல்லுதேன். போன்ல இருக்கேன், நானே பேசுதேன், யாரும் வெட்டல. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இப்பவே."

அண்ணன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளே குரல் கொடுப்பது கேட்டது.

"ஏளா பார்வதி, என் சட்டைய எடு."